கிரைண்டர் கதை

அண்ணனூரில் காலை ரயில் ஏறும் பெண்களுக்கு என் விவாகரத்துக் கதை மனப்பாடம். ஆவடியிலேயே நிறைந்துவிட்ட பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அதைச் சொல்லத் தொடங்கினால், எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். பொருள்களைப் பிரித்த நாளன்று இரண்டு வீட்டு ஆண்களுக்கும் கிரைண்டர் யாருக்கு என்று சண்டை. கிரைண்டர் எங்கள் வீட்டுச் சீர். ஆனால் உடைந்துபோன குழவிக்குப் பதிலாகப் புதுக் குழவி வாங்கிப் போட்டது அவர்கள். ஒரு மணிநேரப் பஞ்சாயத்துக்குப் பிறகு கிரைண்டர் என்னோடு வந்தது, குழவி அவரோடு போனது. “இப்ப எங்கிட்ட மாவாட்டக் குழவி இல்ல, அவர்கிட்ட ஆட்டிவைக்க ஆள் இல்ல” என்று முடிப்பேன். பெட்டியே சிரிக்கும்.

ஒருநாள் பூக்கட்டும் அக்காவும் சிரித்தார். வாழைநாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே கேட்டார்: “அன்னிக்கி நைட்டு எங்க டீச்சர் படுத்தீங்க?”

என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வரவில்லை. திருமுல்லைவாயில் வந்துவிட்டது, கூட்டம் ஏறியது, அந்தச் சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

பொம்பளை சிரிச்சா போச்சு என்ற பழமொழியை மறுத்து எழுதுவது எளிது. நாம் எல்லோரும் ஒருமுறையாவது அதைச் செய்திருக்கிறோம். என் சிக்கல் வேறு. இப்போதெல்லாம் பெண் சிரிக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். மகளிர் தினத்துக்குக் கல்லூரிக்கு வரும் பேச்சாளர்கள் எதையும் சிரித்துக்கொண்டே கடந்து வரச் சொல்கிறார்கள். அழுதுகொண்டே கடப்பவள் பக்கத்தில் இருந்தால் சுற்றியிருப்பவர்களுக்குச் சங்கடம், அவ்வளவுதான். அப்படியானால் என் கிரைண்டர் கதையால் நிம்மதி யாருக்கு? எனக்கா, பெட்டியில் இருந்தவர்களுக்கா?

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலில் வரும், அழுகை இரண்டாவது. நகை பிறக்கும் இடங்களில் ஒன்று எள்ளல். அதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார் உரையாசிரியர்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது, பிறரால் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பது. இருபது வருடமாக இரண்டாவதைப் பாடக்குறிப்பாக மட்டுமே எழுதிப் போட்டிருக்கிறேன். மாடிப்படியில் நின்று என் வீட்டுச் சாமான்களுக்கு ஆண்கள் விலை பேசுவதைக் கேட்டபோதுதான் அந்த உரை எனக்கு விளங்கியது.

அந்த நாள்களில் தோழி ஒருத்தி படிக்கத் தந்தது நோரா எஃப்ரான் 1983இல் எழுதிய ‘ஹார்ட்பர்ன்’ நாவல். நெஞ்செரிச்சல் என்று தமிழில் சொல்லலாம். கதைசொல்லி சமையல் புத்தகம் எழுதுகிறவள். ஏழு மாதக் கர்ப்பத்தில், கணவனுக்கு வேறு உறவு இருப்பது தெரிகிறது. எஃப்ரானின் சொந்த மணமுறிவிலிருந்து பிறந்த நாவல் அது. சமையல் குறிப்புகளுக்கு நடுவே நகைச்சுவை கொட்டிக்கிடக்கும். எதற்காக எல்லாவற்றையும் கதையாக்குகிறாய் என்ற கேள்விக்கு அவள் தரும் விடை ஏறக்குறைய இதுதான்: கதை தன் கையில் இருந்தால் அதை எப்படிச் சொல்வது என்பதும் தன் கையில் இருக்கும், பரிதாபப்படுவதைவிட ஊரார் சிரித்துவிட்டுப் போகட்டும். அதைப் படித்தபோது எனக்கு அனுமதி கிடைத்ததுபோல் இருந்தது. இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பரிதாபத்தைவிட மோசமான வாடகை வீடு இல்லை.

நளினி ஜமீலா இன்னும் ஒரு படி மேலே போனவர். பாலியல் தொழிலாளியான அவருடைய தன்வரலாறு மலையாளத்தில் 2005இல் வெளிவந்தது. வேறொருவர் துணையோடு எழுதப்பட்ட அந்த வடிவத்தில் மனம் நிறையாமல், அதை மீண்டும் எழுதி வெளியிட்டார். குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் தமிழிலும் படிக்கலாம். கண்ணீர் தேடி வரும் வாசகருக்கு அதில் ஏமாற்றம்தான் மிஞ்சும். தன் வாழ்க்கையைப் பற்றிய முதல் புத்தகத்தையே ஒரு பெண் திருத்தத் துணிந்தாள் என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் பூக்கார அக்காவின் கேள்விக்கு இரண்டிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்தது பாமாவின் ‘கருக்கு’வில். நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் புத்தகம்தான், ஆனாலும் தாமதமாகத்தான் கிடைத்தது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் துறவற மடத்தில் சேர்ந்து, அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று கண்டு, 1992இல் வெளியே வந்தவர் பாமா. கையில் வேலை இல்லாமல், இனி எங்கே போவது என்று தெரியாமல் நின்ற அதே ஆண்டில் வந்த புத்தகம் அது. இருந்தும் முதல் பக்கங்களிலேயே ஊர்க்காரர்களின் பட்டப்பெயர்கள் வந்து நம்மைச் சிரிக்க வைக்கின்றன.

அதில் ஒரு காட்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளிவிட்டு வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படிப் பிடித்துப் போனார் என்று விளக்குகிறான். அதற்குப் பிறகு அவளாலும் சிரிக்க முடியவில்லை.

இதை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் மாணவிகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அடங்குவார்கள். தீண்டாமையைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்த ஆண்டுதான் வேறொன்று கண்ணில் பட்டது. வளர்ந்த பாமா அந்தச் சிரிப்பை வெட்டி எறிந்திருக்கலாம். ஒடுக்கப்பட்டவரின் துயரத்தைப் பார்த்துத் தானே சிரித்தது வெட்கமாகக்கூட இருந்திருக்கும். அவர் வெட்டவில்லை. சிரித்ததையும் சிரிப்பு நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த வெளிப்படைக்கு விலையும் கொடுத்தார். தங்களைக் கேவலப்படுத்திவிட்டதாகச் சொந்த ஊர்க்காரர்களே முதலில் கோபித்துக்கொண்டதில் பல மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை.

நான் என் கதையிலிருந்து எதை வெட்டினேன் என்று அப்போதுதான் பார்த்தேன். என் மகளை. பஞ்சாயத்து நடந்தபோது பதினொரு வயதுப் பெண் அதே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு ரயில்வே கேட் அருகே பிடித்த வீட்டில், மின்விசிறிகூட மாட்டாத அறையில், குழவியில்லாத கிரைண்டருக்குப் பக்கத்தில் படுத்தோம். என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கினாள். அவளைக் கதைக்குள் விட்டால் பெட்டியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் விடவில்லை. ஒரு ஆளை வெளியே நிறுத்தினால்தான் பலிக்கும் நகைச்சுவையை நான் வெளிப்படை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சேர்த்தால் மட்டும் சரியாகிவிடுமா? அது அவளுடைய நாளும்தானே. எஃப்ரானின் நாவலில் கணவனிடம் இருக்கும் நியாயம் நமக்குத் தெரிய வராது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. குழந்தைகளின் விஷயம் வேறு. அவர்கள் பதிலுக்கு ஒரு நாவல் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்காருமுன், இப்போது கல்லூரியில் படிக்கும் அவளிடம் கேட்டேன்.

“எழுதிக்கோ. ஆனா நான் அழுதேன்னு எழுதாத. நான் அழல.”

“பின்ன அந்த ஒரு மணிநேரம் என்னடி பண்ணிட்டிருந்த?”

“கிரைண்டர்ல காஞ்ச மாவு ஒட்டியிருந்துச்சில்ல, அதை நகத்தால சுரண்டிட்டிருந்தேன். அப்புறம் அப்பா அந்தக் குழவியை வண்டியில வைக்கப் போனாரு. நிக்கவே இல்ல, உருண்டு உருண்டு போச்சு, அவரு பின்னாடியே ஓடினாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா. நீ பாத்தா கஷ்டப்படுவியேன்னு வாயப் பொத்திக்கிட்டேன்.”