மக்கட்பேற்றின் மகிழ்ச்சி: உடைமையா, அறமா?

முன்னுரை

குழந்தை தவழ்வதையும் எழுந்து நிற்பதையும் தளர்நடை பயில்வதையும் கண்டு பெற்றோர் கொள்ளும் மகிழ்ச்சி உலகில் எல்லாராலும் உணரப்படுவது. தமிழிலக்கியத்தில் இம்மகிழ்ச்சியைக் கூறும் பாடல்கள் இல்லறத்தின் சிறப்புக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்பெறுகின்றன. எனினும் அம்மகிழ்ச்சி தன்னலம் சார்ந்ததா, பிறர்நலம் சார்ந்ததா, அறத்தில் அதற்கு இடம் உண்டா என்னும் வினாக்கள் தனித்து ஆராயத்தக்கன.

இவ்வினாக்களுள் ஒரு முரண் அடங்கியுள்ளது. தளர்நடை கண்டு மகிழும் தந்தை அந்நடை திருந்த வேண்டும் என்றே விரும்புகின்றான். திருந்திய அன்றே அவன் கண்டு மகிழ்ந்த காட்சி மறைந்துவிடுகின்றது. மழலை கேட்டு மகிழும் தாய் குழந்தைக்குச் சொல் திருத்துகின்றாள். சொல் திருந்தத் திருந்த மழலை அழிகின்றது. தனக்கு இன்பம் தரும் ஒன்றை முடிவுக்குக் கொண்டுவரும் செயலையே ஒருவர் விரும்பிச் செய்வது எங்ஙனம்? சங்கப் பாடல்கள், திருக்குறள், பக்தி இலக்கியம், பிள்ளைத்தமிழ் ஆகியவற்றின் துணைகொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலன்வழி இன்பம்

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறப்பாட்டு (புறம். 188), குறுகுறு நடந்து வந்து உண்கலத்தில் கையிட்டு, நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் சிறுகுழந்தையைக் காட்டுகின்றது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் உடையவராயினும், இத்தகைய மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயன் இல்லை என்பது அரசனின் முடிபு. வள்ளுவரோ சிறுகை அளாவிய கூழினை அமிழ்தினும் இனிதென்கின்றார் (குறள் 64). ஒன்று அரண்மனையின் நெய்ச்சோறு. மற்றொன்று எளியோர் இல்லத்துக் கூழ். உணவு வேறுபட்டாலும் இன்பம் ஒன்றே என்பது இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் புலனாகின்றது. ஆகவே இம்மகிழ்ச்சி செல்வத்தின் பயனாக விளைவதன்று எனலாம்.

ஐங்குறுநூற்றின் செவிலிகூற்றுப் பத்தில், சிறுதேர் உருட்டித் தளர்நடை பயிலும் புதல்வனைக் கண்ட தலைவனின் உள்ளம் அவன்மேல் பெரிதாவதைச் செவிலி உரைக்கின்றாள் (ஐங். 403). இங்கு மகிழ்பவன் தந்தை; அவன் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்பவள் செவிலி. இவ்வின்பம் பெற்றோரிடம் தோன்றினும் பெற்றோர் அளவில் நின்றுவிடுவதன்று என்பதற்கு இது முதற்சான்றாகும்.

மழலை பற்றிய இரு கூற்றுகளும் இவண் ஒப்புநோக்கத்தக்கன. தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்கின்றார் வள்ளுவர் (குறள் 66). ஔவையாரோ மழலை யாழிசையோடும் பொருந்தாது, காலத்தோடும் இயையாது, பொருளும் அறியலாகாது, ஆயினும் அது தந்தையர்க்கு அருளைத் தோற்றுவிக்கும் என்கின்றார் (புறம். 92). ஒருவர் யாழினும் மேல் என்கின்றார். மற்றவர் யாழோடு ஒவ்வாது என்கின்றார். இவை முரண் போலத் தோன்றினும் மழலையின் இனிமை ஒலியில் இல்லை, கேட்பவரின் உறவில் உள்ளது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஔவையார் 'அருள்' என்னும் சொல்லைத் தேர்ந்திருப்பதும் கருதத்தக்கது. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என உரையாசிரியர் வேறுபடுத்துவர். அன்பு ஈன்ற குழவியே அருள் என வள்ளுவரும் உருவகம் செய்கின்றார் (குறள் 757).

உடைமை என்னும் ஐயம்

இவ்வின்பத்தின்மேல் இரு திசையிலிருந்து ஐயம் எழுகின்றது. துறவுநெறி மக்கள்மேற் செல்லும் பற்றினைத் தளையாகக் கருதும். சித்தார்த்தர் தம் மகனுக்கு இட்ட இராகுலன் என்னும் பெயருக்குத் தளை என்று பொருள் கூறும் பௌத்த மரபு இதற்குச் சான்று. மற்றொரு புறம், மக்களையே பொருள் எனக் கூறும் குறள் (63), பெற்றோர் மகிழ்ச்சியை உடைமை மகிழ்ச்சியாகக் கொள்ள இடந்தருவது போல் தோன்றுகின்றது. 'என் குழந்தை' என்பதில் இன்பம் தருவது 'குழந்தை'யா, 'என்' என்பதா என்பதே இங்கு வினா.

இவ்வினாவிற்குக் குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி விடை தருகின்றது. அதன் ஏழாந் திருமொழி தேவகியின் புலம்பலாக அமைந்தது. கண்ணனைப் பெற்றவள் தேவகி. ஆயினும் அவனைத் தாலாட்டவும் அவன் மழலை கேட்கவும் அவன் உண்ட மிச்சிலை உண்ணவும் அவள் பேறு பெறவில்லை. அவையனைத்தும் யசோதைக்கே வாய்த்தன. இன்பம் உடைமையினின்று பிறப்பதாயின் தேவகி இழந்தது ஒன்றுமில்லை. மகன் அவள் மகனே, உயிரோடிருக்கின்றான், கஞ்சனையும் வென்றான். எனினும் அவள் ஆற்றாது புலம்புகின்றாள். அவள் இழந்தது மகனையன்று, மகன் வளர்ந்த காலத்தை. பெரியாழ்வார் யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடியவற்றில் ததும்பி நிற்பதும் அக்காலமே. பெறாத யசோதைக்கு இன்பம் நிறைந்தது; பெற்ற தேவகிக்கு அது கிட்டவில்லை. எனவே இம்மகிழ்ச்சி பெற்றமையால் வருவதன்று, உடனிருந்து பேணியமையால் வருவது என்பது தெளிவு.

காளிதாசரின் சாகுந்தலமும் இதனை வேறொரு நிலையிலிருந்து காட்டுகின்றது. அதன் ஏழாம் அங்கத்தில், சிங்கக்குட்டியோடு விளையாடும் சிறுவனைத் தன் மகன் என அறியாமலே துஷ்யந்தன் காண்கின்றான். புழுதி படிந்த மக்களை மடியில் ஏந்தித் தாமும் புழுதிபடும் பெற்றோரே பேறுடையார் என எண்ணுகின்றான். 'என்' என்னும் எண்ணம் தோன்றுவதற்கு முன்னரே அன்பு தோன்றிவிடுகின்றது. பின்னர் மகனும் மனைவியும் கிடைக்கின்றனர்; நாடகம் இன்பத்தில் முடிகின்றது. ஆனால் அச்சிறுவன் முதலடி வைத்த நாள் துஷ்யந்தனுக்கு மீளக் கிடைப்பதில்லை. துருவாசரின் சாபத்தால் விளைந்த மறதியே காரணமாயினும், மறுக்கப்பட்டவள் சகுந்தலை. இழந்த அரசும் செல்வமும் மீளலாம். காணத் தவறிய வளர்ச்சி மீளாது.

மக்கட்பேறு அதிகாரத்தின் வைப்புமுறை

முன்னுரையில் சுட்டிய முரணுக்கான விடை திருக்குறளின் ஏழாம் அதிகார வைப்புமுறையில் காணப்படுகின்றது. 64ஆம் குறள் சுவையைக் கூறுகின்றது. 65ஆம் குறள் தீண்டலையும் கேட்டலையும் கூறுகின்றது. 66ஆம் குறள் கேட்டலை மட்டும் கூறுகின்றது. 67ஆம் குறளில் மகன் அவைக்குச் செல்கின்றான். 69ஆம் குறளில் தாய் மீண்டும் கேட்கின்றாள். முன்னர் அவள் கேட்டது குழந்தையின் குரலை. இப்போது கேட்பது அவனைச் சான்றோன் எனப் பிறர் கூறும் குரலை. 70ஆம் குறளில் தந்தையைப் பற்றி உலகம் பேசுகின்றது. வாயருகே இருந்த கை, மடியில் இருந்த உடல், காதருகே ஒலித்த மழலை, அவையில் ஒருவன், பிறர் வாயில் ஒரு பெயர் என மகன் படிப்படியாக விலகிச் செல்கின்றான். விலகல் மிக மிக மகிழ்ச்சி குறையவில்லை. பெற்ற பொழுதினும் பெரிதாகின்றது என்பதே வள்ளுவர் கருத்து.

உடைமை மகிழ்ச்சி, உடைமை விலகும்போது குறையும். இம்மகிழ்ச்சியோ விலகலால் பெருகுகின்றது. ஆதலின் இஃது உடைமை மகிழ்ச்சி அன்று. இவ்வளர்ச்சியை 68ஆம் குறள் தெளிவாக்குகின்றது. மக்களின் அறிவுடைமை பெற்றோரைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனிது என்னும்போது, ஔவையார் சுட்டிய அருள் தன் முழுமையை எய்துகின்றது.

போர்க்களத் தாயும் சான்றோன் தாயும்

பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்தல் என்னும் கருத்து புறநானூற்றிலும் உண்டு. யானையைக் கொன்று தானும் வீழ்ந்த மகனைப் பற்றி அறிந்த முதியவள் அங்ஙனம் மகிழ்ந்ததைப் பூங்கணுத்திரையார் பாடுகின்றார் (புறம். 277). மகன் புறமுதுகிட்டான் எனப் பலர் கூறக் கேட்டுக் களம் சென்ற தாய், சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு மகிழ்ந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடுகின்றார் (புறம். 278). இங்கும் மகிழ்ச்சி தாயின் இழப்பினூடே பிறக்கின்றது. ஆயினும் இத்தாயின் மகிழ்ச்சியைச் சமுதாயம் தன் போர்த்தேவைக்காக உருவாக்கிக்கொண்டது என்பதை மறுத்தல் இயலாது. வள்ளுவர் அதே ஒப்புமையை எடுத்துக்கொண்டு, வீரச்சாவின் இடத்தில் சான்றாண்மையை வைக்கின்றார்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. மகன் விலகுவது மட்டுமே பெற்றோர் மகிழ்ச்சியை அறமாக்கிவிடாது. அவன் எதனை நோக்கி விலகுகின்றான் என்பதும் எண்ணத்தக்கது. பெற்றோரின் இழப்பைப் பெருமையாக மாற்றும் ஆற்றல் எல்லாச் சமுதாயத்திற்கும் உண்டு. அப்பெருமையை ஆராயாது ஏற்பது அறமாகாது.

எக்குழந்தையின் வளர்ச்சி?

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு முதல் அம்புலி ஈறாக ஏழும் இருபாலார்க்கும் பொது. எட்டாம் பருவத்தில் வழி பிரிகின்றது. ஆண்பால் பிள்ளை சிறுபறை முழக்கி, சிற்றில் சிதைத்து, சிறுதேர் உருட்டுகின்றது. பெண்பால் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன அமைகின்றன. செங்கீரை ஆடும்போதும் சப்பாணி கொட்டும்போதும் வேறுபாடின்றி இருந்த மகிழ்ச்சி, குழந்தை தன் காலில் நடந்து உலகினுள் செல்லத் தொடங்கும் இடத்தில் பாகுபடுகின்றது.

உரை மரபிலும் இப்பாகுபாடு உண்டு. 61ஆம் குறளில் மக்கள் என்னும் சொல் பெண்ணை ஒழித்து நின்றது எனப் பரிமேலழகர் பொருள் கொள்கின்றார். 69ஆம் குறளில் தாய் பிறர் கூறக் கேட்பதற்குப் பெண்ணியல்பால் தானாக அறியாமையைக் காரணம் காட்டுகின்றார். பின்வந்த உரையாளர் பலர் இவற்றை ஏற்கவில்லை. இஃது உரைவேறுபாடு மட்டுமன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 927 பேரே இருந்தனர்; 2011இல் இவ்விகிதம் மேலும் குறைந்தது. குழந்தையின் வளர்ச்சி காண்பது இயல்பான இன்பம் என்பது முழு உண்மையாயின் இந்நிலை தோன்றியிராது. எக்குழந்தையைக் கண்டு மகிழ வேண்டும் என்பதைச் சமுதாயம் கற்பிக்கின்றது. ஆகவே அதனைத் திருத்தவும் இயலும்.

இன்று 67ஆம் குறளின் முந்தியிருத்தல் பிற குழந்தைகளை முந்துதலாகப் பொருள்படுத்தப்படுகின்றது. எத்தனையாம் மாதத்தில் நடந்தது, எத்தனை சொல் பேசிற்று என்பன ஒப்பீட்டுக் கணக்குகளாகின்றன. பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுதல் கூடாதென 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதிக்க வேண்டியதாயிற்று. வள்ளுவர் கூறிய அவை கற்றோர் கூடி அறிவைப் பகிரும் இடம். அடுத்த குறளே அவ்வறிவு உலகிற்கு உரியது என்பதால், அம்முந்துதல் பிறரைப் பின்தள்ளுவதன்று என்பது தெளிவாகும்.

முடிவுரை

குழந்தையின் வளர்ச்சி கண்டு பெற்றோர் கொள்ளும் மகிழ்ச்சி புலனின்பமாகத் தொடங்குகின்றது; அதில் இழிவில்லை. அது பெற்றமையால் அன்றிப் பேணியமையால் விளைவது என்பதைத் தேவகியின் இழப்பு உணர்த்துகின்றது. விலகலால் பெருகுதலின் அஃது உடைமை இன்பம் அன்று என்பதை மக்கட்பேறு அதிகாரம் உணர்த்துகின்றது. எனினும் அது தானாகவே அறமாவதில்லை. போர்க்களத் தாயின் பெருமையும் பெண்மகவுக்கு மறுக்கப்பட்ட மகிழ்ச்சியும் இதற்குச் சான்றுகள்.

தளர்நடை பயிலும் குழந்தையின் விரலைப் பற்றியிருக்கும் கை, எப்போது விட வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். விரல் விடுபட்ட பின்னும் நிலைக்கும் மகிழ்ச்சியே அன்பு ஈன்ற அருள் என்னும் பெயருக்கு உரியதாகும்.