பொறுமை யாருடைய கடன்?

முன்னுரை

குழந்தையின் சமூக வளர்ச்சி, ஆளுமை வளர்ச்சி ஆகியவை பற்றிய பாடம் பல்கலைக்கழகங்களின் உளவியல், கல்வியியல், மனையியல் துறைகளில் கற்பிக்கப்பெறுகிறது. அதனைப் பயில்வோருள் பலர் பின்னர் ஆசிரியராகவோ பெற்றோராகவோ குழந்தைகளின் முன் நிற்பர். ஆதலின் ஒரு குழந்தையைப் 'பொறுமையுடையது' என்றும் மற்றொன்றை 'அஃதில்லாதது' என்றும் வகுக்கக் கற்றுக்கொடுக்கும் சொல் விளக்கமாக மட்டும் நில்லாது, தீர்ப்பாகவும் மாறிவிடும். பொறுமை என்பது குழந்தையின் இயல்பா, அதனைச் சூழ்ந்தோர் ஆற்றிய கடனின் பயனா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆய்வுகள் காட்டுவன

இப்பாடத்தில் தவறாது இடம்பெறும் ஆய்வு ஒன்றுண்டு. 1960களின் பிற்பகுதியிலிருந்து வால்டர் மிஷல் என்னும் உளவியலார் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் அதனை நடத்தினார். குழந்தையின் முன் ஓர் இனிப்பு வைக்கப்படும். ஆய்வாளர் திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டு கிடைக்கும் என்று கூறப்படும். நெடுநேரம் காத்திருந்த குழந்தைகள் வளர்ந்தபின் கல்லூரி நுழைவுத் தேர்வில் மேம்பட்ட மதிப்பெண் பெற்றனர் என 1990இல் வெளியான ஆய்வு கூறியது. இதனால் காத்திருத்தல் வெற்றியை முன்னறிவிக்கும் குணம் என்னும் கருத்துப் பரவியது.

2013இல் செலஸ்ட் கிட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை வேறொரு கோணத்தில் நோக்கியது. 28 குழந்தைகளுக்கு, நல்ல வரைபொருள்கள் கொண்டு வருவதாக முதலில் வாக்களிக்கப்பட்டது. 14 குழந்தைகளிடம் அவ்வாக்கு காக்கப்பட்டது. ஏனைய 14 குழந்தைகளிடம் பொய்த்தது. பின்னர் இனிப்பு வைக்கப்பட்டபோது முதற்பிரிவினர் சராசரியாக 12 நிமிடமும் இரண்டாம் பிரிவினர் 3 நிமிடமும் காத்திருந்தனர். முழுமையாக 15 நிமிடம் காத்திருந்தோர் முதற்பிரிவில் 9 பேர்; இரண்டாம் பிரிவில் ஒருவரே. வாக்குப் பொய்த்த இடத்தில் கையிலுள்ளதை உண்பது பொறுமையின்மை அன்று. பட்டறிந்த அறிவே எனலாம்.

2018இல் டைலர் வாட்ஸ் முதலியோர் 900க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். காத்திருத்தலுக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு முன்னர்க் கூறப்பட்டதினும் குறைவு என்பதும், குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் முதலியவற்றைக் கணக்கிற் கொண்டால் அஃது மேலும் பெரிதும் குறைகிறது என்பதும் தெரியவந்தன.

கடனின் வரிசை

தமிழ் இலக்கியம் இவ்வினாவைக் 'கடன்' என்னும் சொல்லால் அணுகுகிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஐந்து கடன்களை அடுக்குகிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் ஆற்ற வேண்டுவன முதல் நான்கு. இளைஞன் ஆற்ற வேண்டுவது ஐந்தாவதாகவே வருகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் தந்தை மகற்கு ஆற்றுவது ஏழாங் குறளிலும், மகன் தந்தைக்கு ஆற்றுவது பத்தாங் குறளிலும் அமைந்துள்ளன. பெரியோர் கடன் முந்துகிறது. இளையோர் கடன் பிந்துகிறது.

புறப்பாடல் போர்ச் சமூகத்தின் குரல். அதன் இலக்கு களிறெறிந்து பெயர்தல். அவ்விலக்கை இன்றைய குழந்தைக்கு உரியதாக்குதல் பொருந்தாது. ஆயினும் ஒருவன் திறத்தை மதிப்பிடுமுன் அவன்பால் பிறர்க்குள்ள கடனை எண்ணும் அவ்வொழுங்கு இவண் கருதத்தக்கது.

ஒரு மறுப்பு

எல்லாம் சூழலே எனின் குழந்தைக்குத் தன் பண்பில் பங்கே இல்லையா என்று வினவலாம். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. வாக்குக் காக்கப்பட்ட பிரிவிலும் ஐவர் இறுதிவரை காத்திருக்கவில்லை. இனிப்பைப் பாராது வேறொன்றில் மனத்தைச் செலுத்திய குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தனர் என்பதையும் மிஷலே காட்டியுள்ளார். எனவே அடக்கம் குழந்தைக்கு உரிய பண்பே. அதனைப் பயிலவும் இயலும். எனினும் அப்பயிற்சிக்கு உரிய களம் நம்பிக்கை. அக்களத்தை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் குழந்தைக்கு இல்லை. தன் வீட்டையோ பள்ளியையோ அது தேர்ந்துகொள்வதுமில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், பொறுமை குழந்தையிடம் வெளிப்படினும் அதன் வேர் பெரியோரின் வாய்மையில் உள்ளது என்பது புலனாகும். பெற்றோரையும் ஆசிரியரையும் அரசையும் விடுத்துக் குழந்தையை மட்டும் அளப்பது கடன் பட்டவரை விட்டுக் கடன் கொடுத்தவரைக் கண்டிப்பது போன்றதாகும். ஆதலின் குழந்தை வளர்ச்சி பற்றிய பாடத்தைப் பயில்வோர் 'இக்குழந்தை ஏன் காத்திருக்கவில்லை?' என்று வினவுமுன், 'இக்குழந்தைக்கு அளித்த வாக்குகளில் எத்தனை காக்கப்பட்டன?' என்று வினவக் கற்றல் வேண்டும்.