தீர்ப்பு முதலில், காரணம் பிறகு

அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று மாத இடைவெளியில் வழங்கிய இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

முதல் வழக்கு டகாவோ ஒசாவாவுடையது. ஜப்பானில் பிறந்து இளவயதிலேயே அமெரிக்கா போனவர். கலிபோர்னியாவில் படித்தார், ஹவாயில் குடியேறினார். வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. பிள்ளைகள் போனது அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும். அவர் குடியுரிமை கேட்டபோது 1790-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. வெளிநாட்டில் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமானால் சுதந்திரமான வெள்ளையராக இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆசியர்களைச் சேர்க்கவில்லை. ஜப்பானியரின் தோல் பல ஐரோப்பியரின் தோலைவிட வெளுப்பு என்று ஒசாவா தரப்பு வாதாடியது. 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தோலின் நிறம் அளவுகோல் ஆகாது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், ஜப்பானியர் அந்த இனத்தவர் அல்லர் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கு. (நம் பாடப்புத்தகத்து பகத் சிங் வேறு, இவர் வேறு.) பஞ்சாபிலிருந்து 1913-இல் அமெரிக்கா போய், முதல் உலகப் போரின்போது அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, நற்சான்றோடு வெளியே வந்தவர். அந்தக் காலத்து இனநூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் பட்டியலில் வைத்திருந்தன. மூன்று மாதத்துக்கு முன் நீதிமன்றமே சொன்ன விதிப்படி திண்ட் வெள்ளையர் ஆகிவிட வேண்டும். ஆகவில்லை. அறிஞர்கள் எப்படி வேண்டுமானாலும் வகை பிரித்துக்கொள்ளட்டும், சட்டம் சாதாரண மனிதனின் பேச்சில் எழுதப்பட்டது, சாதாரண அமெரிக்கன் ஓர் இந்தியனை வெள்ளையன் என்று சொல்ல மாட்டான் என்றது நீதிமன்றம்.

கண்ணால் பார்த்து ஒசாவா தப்பிவிடலாம் என்றால் அறிவியல் வந்து மறித்தது. அறிவியலைக் காட்டி திண்ட் தப்பிவிடலாம் என்றால் கண் வந்து மறித்தது. இரண்டுமே ஒருமனதான தீர்ப்புகள். இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். அவரும் இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்தான்!

இனவாதம் அறியாமையின் குழந்தை, நாலு எழுத்து படித்தால் போய்விடும் என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளையும் வழங்கியவர்கள் நிறையப் படித்தவர்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது அறிவு அல்ல. யாரை வெளியே நிறுத்துவது என்பது முதலிலேயே முடிவாகியிருந்தது. அந்த முடிவுக்கு எந்தக் காரணம் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள், பொருந்தாததைக் கீழே வைத்தார்கள்.

இந்த வரிசை பழையது. 1662-இல் வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது. ஆங்கிலேய மரபில் பிள்ளைக்குத் தகப்பனின் நிலைதான். அந்தச் சட்டம் அதைத் தலைகீழாக்கி, பிள்ளை தாயின் நிலையை அடையும் என்றது. அடிமைப் பெண்ணுக்கு எஜமானனால் பிறந்த பிள்ளையும் அடிமை, அதாவது எஜமானனின் சொத்து. 1667-இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் அடிமையாக வைத்திருக்கலாமா என்ற உறுத்தலுக்கு இப்படி முடிவு கட்டினார்கள். அப்போது மனித இனங்களைப் பற்றிய பெரிய கோட்பாடுகள் எதுவும் வந்திருக்கவில்லை. ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்தது 1735-இல். ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுபவன், ஆப்பிரிக்கன் மனம்போன போக்கில் நடப்பவன் என்று குணங்களையும் சேர்த்து எழுதியது 1758-இல். காக்கேசியன் என்ற இனப்பெயரை ஜெர்மன் அறிஞர் புளூமன்பாக் நிலைநிறுத்தியது 1795-இல். அடிமைகள் உழைத்த புகையிலைத் தோட்டம் முந்தியது, நூலகம் பின்னால் வந்தது.

பின்னால் வந்த தத்துவவாதிகளை வெறும் எழுத்தர்கள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. நம்பிக்கையை ஆதாரத்தின் அளவுக்கு மேல் நீட்டாதே என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம். அதே ஹியூம் 1753-இல் தன் கட்டுரை ஒன்றில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். வெள்ளையரைத் தவிர மற்றவர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று தாம் சந்தேகிப்பதாக எழுதினார். ஜமைக்காவில் ஒரு கறுப்பர் படிப்பாளி என்று பேசுகிறார்களே என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். நாலு வார்த்தையைத் தெளிவாகச் சொல்லும் கிளியைப் பாராட்டுவதுபோலத்தான் அவரையும் பாராட்டியிருப்பார்கள் என்று முடித்துவிட்டார். அந்த மனிதரின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்பது அவர் பெயர், லத்தீனில் கவிதை எழுதியவர். ஜேம்ஸ் பீட்டி என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1770-இல் ஹியூமை மறுத்து எழுதினார். ஆக, அது அந்தக் காலம், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் எழுதியதில் என்னால் மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 1764-இல் வந்த நூலில் அவர் ஒரு கறுப்பினத் தச்சரின் கதையைச் சொல்கிறார். மனைவியரை ஏன் இப்படி நடத்துகிறாய் என்று ஒரு பாதிரியார் கண்டிக்க, தச்சர் வெள்ளைக்காரர்களின் குடும்ப வாழ்க்கையையே கிண்டல் செய்து பதில் சொல்கிறார். கான்ட் அந்தப் பதிலை ஒரு கணம் யோசிக்கிறார், இதில் ஏதோ விஷயம் இருக்கலாம் என்கிறார். அடுத்த வரியிலேயே, ஆள் தலை முதல் கால் வரை கறுப்பு, அவன் சொன்னது முட்டாள்தனம் என்பதற்கு அதுவே தெளிவான சான்று என்று மூடிவிடுகிறார். அந்த ஒரு கணத்தில்தான் என் மனம் போய் நிற்கிறது. கேட்டிருக்கிறார். உறைத்திருக்கிறது. பிறகு தோலைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785-இல் எழுதப்போகிற அதே மனிதர். பிற்காலத்தில், 1795-இல், ஐரோப்பியர்களின் காலனிக் கொள்ளையை அவர் கண்டித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆதாரம் கிடைக்காத காலமும் இல்லை அது. கான்ட் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே, இன்றைய கானாவில் பிறந்த ஆன்டன் வில்ஹெல்ம் அமோ ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மனம், உடல், உணர்வு பற்றிய ஆய்வுரையை அரங்கேற்றிவிட்டார். பிறகு ஹாலேயிலும் யேனாவிலும் தத்துவ வகுப்பும் எடுத்தார். கண்ணெதிரே ஆள் வந்து நின்றாலும் கோட்பாடு அசையாது. அவரை விதிவிலக்கு என்று ஓரமாக உட்கார வைத்துவிடும். “உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே” என்று நம் வீட்டு வரவேற்பறைகளில் பாராட்டுபோலச் சொல்லப்படும் அந்த வாக்கியத்தின் வேலையும் இதுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவரை விதிவிலக்காக்கி விதியைக் காப்பாற்றிக்கொள்வது.

கோட்பாட்டைத் தோற்கடித்தால் போதும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அம்பேத்கர் அதையும் செய்து பார்த்தார். காலனி அதிகாரிகள் மூக்கை அளந்து சாதிக்கு இன அடிப்படை உண்டு என்று எழுதிவைத்திருந்தார்கள். 1948-இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் அவர் அந்த மாதிரி அளவுகளையே கையிலெடுத்தார். இந்தக் கணக்கு சரியென்றால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்று காட்டினார். வாதம் அவர் பக்கம் முடிந்தது. தீண்டாமை முடியவில்லை, மூக்குக் கணக்கு இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது.

திண்ட் வழக்கில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி தீர்ப்பில் இல்லை, அவர் தரப்பு தாக்கல் செய்த வாதத்தில் இருக்கிறது. தம்மை உயர்சாதி இந்து, கலப்பில்லாத ஆரிய ரத்தம் என்று அதில் சொல்லிக்கொண்டார். அவரோ சீக்கியர்! அதோடு நிற்கவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்கன் நீக்ரோவை எப்படிப் பார்ப்பானோ, அப்படித்தான் உயர்சாதி இந்தியனும் தன் நாட்டுப் பழங்குடியைப் பார்க்கிறான் என்றும் வாதாடினார்கள். உங்களைப் போலவே நாங்களும் ஆளை ஒதுக்கத் தெரிந்தவர்கள், எனவே உள்ளே விடுங்கள் என்பதுதான் இதன் பொருள். சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை, வெள்ளையர் என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும் என்பது உண்மை. ஆனாலும் கூடுதலாகக் கொடுத்த இந்த உத்தரவாதத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களில் ‘சாதி தடையில்லை’ என்று முற்போக்காகத் தொடங்கி, ‘எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக’ என்று முடிக்கிறவர்களும் இதே உத்தரவாதத்தைத்தான் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒதுக்கப்படும்போது எதைச் சொல்லி இடம் கேட்கிறோம்? வாழ்க்கையில் எல்லோருக்கும் ஒருநாள் வந்து நிற்கிற கேள்வி இது. வாடகை வீட்டு வாசலில் வரும், வேலைக்கான நேர்காணலில் வரும், சம்பந்தம் பேசும் கூடத்தில் வரும். நான் அவர்களைப் போல இல்லை என்று சொல்லி இடம் வாங்குகிறவர், வாங்கிய அந்த நிமிடத்திலேயே தனக்குக் கீழே ஒருவரைப் படியாகப் போட்டுவிடுகிறார். அந்த விலை கொடுத்தும் திண்டுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் நல்லது.

தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்களிடமிருந்தும் குடியுரிமையைப் பிடுங்கத் தொடங்கினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையையும் சொத்தையும் இழந்தார். ஊருக்குப் போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். காரணத்தைக் கடிதமாகவும் எழுதிவைத்திருந்தார்.

திண்டின் வழக்கறிஞர்களில் ஒருவரான சகாராம் கணேஷ் பண்டிட் மீதும் குடியுரிமையைப் பறிக்கும் வழக்கு பாய்ந்தது. தன் வழக்கில் அவர் ஆரிய ரத்தத்தை நம்பவில்லை. முறையாக விசாரித்துக் கொடுத்த குடியுரிமையை நம்பி வழக்கறிஞர் தொழில் நடத்துகிறேன், வீடு கட்டிக் குடியிருக்கிறேன், அமெரிக்கரான என் மனைவியும் என்னோடு சேர்ந்து குடியுரிமையை இழப்பார், இத்தனை வருடம் கழித்து அரசு பின்வாங்குவது நியாயமில்லை என்று வாதாடினார். 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை.

திண்ட் 1936-இல் குடிமகனானார். போரில் பணியாற்றியவர்களுக்கு இனம் பாராமல் குடியுரிமை தர முந்தைய ஆண்டு வந்த சட்டம் அதற்கு வழிசெய்தது. காக்கேசியன் என்ற வாதம் கடைசிவரை அவருக்கு உதவவில்லை, பழைய ராணுவச் சேவைதான் உதவியது. ஜப்பானில் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்கலாம் என்ற நிலை 1952-இல்தான் வந்தது. ஒசாவா அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.