கடலோர வளவு யாருடையது?

நெருப்பிலோ நீரிலோ வீட்டை இழந்தவன் முன் இரண்டு வழிகள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அழிந்த இடத்திலேயே மீண்டும் கட்டலாம். அல்லது காணியை விற்றுவிட்டு வேறிடம் போகலாம். முதல் வழியில் நின்றவனை மண்பற்றுடையவன் என்று போற்றுவோர் உளர். இரண்டாம் வழியில் சென்றவனை விவேகி என்று மெச்சுவோரும் உளர். இரு சாராரும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: அந்த வீடு அவனுடையதுதானா?

கல்முனைக் கரையில் இது வெறும் தர்க்க வினா அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இத்துணைப் பேர் மாண்டதில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரைக்குக் கிழக்கே கடல். மேற்கே நெல்வயல் வட்டைகள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் ஊர்கள் வேலிக்கு வேலி ஒட்டிக் கிடக்கின்றன. அந்த நெருக்கத்திலும் அலைக்கு மிக அருகே குடியிருந்தவர்கள் யாவர்? ஏக்கர் கணக்கில் வயலுடைய போடிமார் அல்லர். கரைவலை இழுப்போர், கூலித் தொழிலாளர், வீட்டுத் திண்ணையிலே தறி போட்டு நெய்தவர்கள் ஆகியோரே.

இக்கரையின் வழமையொன்றை வெளியூர் வாசகர்க்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மூத்த மகளுக்கு மணமாகும்போது பெற்றோர் தாம் வாழும் வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையிலோ அயலிலோ சிறு குடிலொன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவர். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவான். அடுத்தவளுக்கும் ஒரு வீடு எழ வேண்டும். அதற்காகத் தந்தை வயலை ஈடு வைப்பான். தமையன் தன் திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போவான். முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று இவ்வழமை. அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதுவே வழக்கு. இரு சாராரிடத்தும் 'குடி' தாய் வழியே வருகிறது. அக்கரைப்பற்றிலே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். பழைய முக்குவர் சட்டம் பிரித்தானியர் ஆட்சியிலே வழக்கொழிந்தது, வழமை ஒழியவில்லை. வாரிசுரிமையில் மகனின் பங்கில் பாதியையே மகளுக்கு வகுக்கிறது இஸ்லாமியச் சட்டம். எனினும், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடும் இவ்வழமை அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்து வந்தது எனலாம்.

ஆதலின், இக்கரையில் ஒரு வீடு அழிந்தபோது அதில் அன்று வாழ்ந்தவளின் கூரை மட்டும் போகவில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இருபது ஆண்டுகளின் பின் கிடைக்கவேண்டிய வீடும் போயிற்று. அப்படிப்பட்ட உடைமையை விற்பதா, கட்டுவதா என்று ஒருவன் தனியே இருந்து தன் மனச்சாட்சியைக் கேட்டு முடிவுசெய்துவிட முடியுமா?

அவனையும் எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை. அலை ஓய்ந்த சில வாரங்களில் அரசாங்கம் கடலோரத்தில் கட்டடத் தடைவலயத்தை விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வலயத்துக்கு வெளியே முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய் தவணை தவணையாகக் கிடைக்கும். வலயத்துக்கு உள்ளே இருந்தவர்க்கு நன்கொடையாளர் கட்டும் வீடு வேறிடத்தில் கிடைக்கும். காணியின் உரிமையை அரசு பறிக்கவில்லை. அதில் கட்டும் உரிமையை மட்டும் பறித்தது. கட்ட இயலாத காணிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை எந்தத் தரகனும் அறிவான்.

இந்த விதி எல்லார்க்கும் ஒன்றாக இருந்திருந்தால், பாதுகாப்புக் கருதியது என்று ஏற்கலாம். ஆனால் சேதமடைந்த சுற்றுலா விடுதிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. மீனவன் குடியிருக்கத் தகாத மணலில் உல்லாசப் பயணி உறங்கலாமாம்! இதே மாவட்டத்தின் அறுகம்பேயில் மீனவர்கள் இதனை எதிர்த்து எழுந்ததை நவோமி கிளைன் 2007இல் வெளிவந்த தம் நூலில் உலகறியச் செய்தார். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்து ஏறத்தாழ 100 பேர் மாண்டபோதும் இதே கதைதான். சாம்பல் ஆறுமுன்னரே காணி வாங்குவோர் தேடிவந்தனர். 'லஹைனா விற்பனைக்கன்று' என்று மக்கள் குரலெழுப்பினர். உரிமையாளர் கேளாமலே தேடிவந்து விலைபேசுவதை ஆளுநர் ஜோஷ் கிரீன் அங்கே தடைசெய்தார். முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே, துயருற்றவனின் 'விருப்பம்' சந்தைக்குரிய விருப்பமன்று என்பதைச் சிலகாலமேனும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கல்முனையில் விற்பவனைத் தடுக்கச் சட்டம் வரவில்லை. கட்டுபவளைத் தடுக்க மட்டும் வந்தது.

நிற்க. புது வீடுகள் எழுந்தன. சாய்ந்தமருதின் மேற்கே வெனிசுவேலா நாட்டின் உதவியில் வொலிவேரியன் கிராமம் உருவாயிற்று. கல்முனையில் கிரீன்பீல்ட் மாடி வீடுகள் எழுந்தன. கடல்கடந்து நீண்ட அக்கரங்களை நாம் குறைகூறவில்லை. ஆயினும் மாடி வீட்டில் தறி போட இடமேது? இரண்டாம் மகளுக்கு வீடு கட்ட வளவேது? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டிய 500 வீடுகளோ, எந்த இனத்தவர்க்கு எத்தனை என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதன் பின், பத்தாண்டுகளுக்கு மேலாக ஆளின்றிப் பற்றை மண்டிக் கிடந்தன. அந்த வெட்கக்கேட்டைத் தனியே எழுத வேண்டும்.

இங்கு நாம் கருதவேண்டியது வேறு. புது வீட்டுக்கான படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஓரிடம் இருந்தது. தலைவர் என்றால் ஆண் என்பது கந்தோர்களின் எழுதாச் சட்டம். அந்நாட்களில் பல வீடுகளில் நிகழ்ந்த பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது:

"மாமி, புது வீட்டுக்கு நான்தான் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வெக்கணுமாம்."

"வெய்ங்க மருமகன். உறுதி புள்ளட பேருக்கா வரும்?"

"பொறகு மாத்திக்கலாமாம், மாமி."

அந்தப் 'பொறகு' பலருக்கு வரவில்லை. பெண்ணுக்கு உறுதி எழுதியிருந்த வீடு கடலோடு போயிற்று. அதற்கு ஈடாக வந்தது ஆணின் பெயரில் வந்தது. விற்பனைப் பத்திரம் இல்லை, விலை இல்லை, விற்றவள் இல்லை. ஆயினும் உடைமை கைமாறிவிட்டது. ஆய்வாளரும் பெண்கள் அமைப்பினரும் இதனை அப்போதே சுட்டிக்காட்டினர். மருமகன் கெட்டவன் அல்லன் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவன் நாட்கணக்கில் வரிசையில் நின்றான். கேட்ட இடத்தில் ஒப்பமிட்டான். அநீதி செய்ய ஒரு தீயவன் வேண்டியதில்லை. படிவத்தில் ஒரு கோடு போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்புவர்: "சீதனக் கொடுமையை ஒழிக்க வேண்டிய நீரே சீதன வீட்டுக்காக வாதாடுவதா?" ஆட்சேபம் நியாயமானது. வீடு கட்ட வக்கில்லாததால் மணமின்றி நரைத்த பெண்கள் எங்கள் தெருக்களில் உளர். சகோதரிகளின் சுவர்களுக்காகவே தம் இளமையைப் பாலைவனத்தில் செலவிட்ட சகோதரர்களும் உளர். சீதனம் மார்க்கத்தில் இல்லை, மஹர் கொடுப்பதே மணமகனின் கடமை என்று பள்ளிவாசல்களில் உபதேசிக்கப்படுகிறது, உபதேசம் நல்லதே. ஆனால் சீதனம் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மணமகன் வீட்டார் நீட்டும் கை. மற்றொன்று, பெண்ணின் பெயரில் உள்ள உறுதி. முன்னதை வெட்ட வேண்டும்; பின்னதைக் காக்க வேண்டும். அலைக்குப் பின் நடந்தது நேர்மாறு. நீட்டிய கை மடங்கவில்லை. கேட்பவர்கள் இன்றும் வீடு கேட்கிறார்கள். உறுதியில் அவள் பெயர்தான் அழிந்தது. கணவன் கோபித்துக்கொண்டு வெளியேறினால் அவன்தான் வெளியேறுவான், அவளும் பிள்ளைகளும் வீட்டிலிருப்பர் என்ற நிலை இக்கரைப் பெண்ணுக்கு இருந்த ஒரே பலம். இதனைச் சீர்திருத்தத்தின் பெயரால் கைவிடுவோமாயின் அவளுக்கு மாற்றாக எதைக் கொடுக்கப் போகிறோம்?

ஆகவே, விற்பது துரோகமா என்று கேட்போர்க்கு நாம் சொல்வது இது. தன் கையிலிருந்த குழந்தையை அலை பறித்ததைக் கண்ட தாய், அந்த இரைச்சல் கேட்கும் இடத்தில் இனித் தூங்கமாட்டேன் என்று மேற்கே போவாளாயின், அவளுக்கு மண்பற்றைப் போதிக்க எவருக்கும் தகுதியில்லை. வயல்புறத்து மாடிவீட்டில் இருந்துகொண்டு 'தாய்மண்ணை விடாதே' என்று கவிதை எழுதுவோரை எனக்குப் பிடிப்பதில்லை. தோணியும் வலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் பட்டினி என்று கரையிலேயே நிற்பவளை மூடநம்பிக்கைக்காரி என்பதும் அத்தகையதே. போவதும் இருப்பதும் அவளது தீர்மானமாக இருக்கவேண்டும். அத்தீர்மானத்துக்கு அவளிடம் காசும் காலமும் உறுதியும் இருக்கவேண்டும். இம்மூன்றும் அவளுக்கு வாய்க்கச் செய்யாத சமூகம் அவள் விற்றதையும் விற்காததையும் விசாரிப்பது எவ்வளவு அபத்தம்!

சில பெண்கள் தம் விடையைத் தாமே கண்டனர். நன்கொடை வீடு கைக்கு வந்ததும் அதனை மணவயது மகளுக்குக் கொடுத்தனர். பின்னர் தடைவலயம் தளர்ந்தபோது, பழைய வளவுக்கே திரும்பி, உடைந்த சுவரைச் சார்த்தித் தகரமும் கிடுகும் போட்டுக்கொண்டு குடியிருந்தனர். விதிமீறல் என்று அதிகாரிகள் குறித்துக்கொண்டனர். ஆபத்தென்பதை அவர்களும் அறிவர். அந்த மகள் குடியிருக்கும் மேற்குப்புறத்து வீட்டின் உறுதியில் எவர் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.