தொண்டுக்கு ஊதியம் தகுமா?

மருத்துவமனைச் செவிலியர் பணியையும் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் கதிரியக்கப் பணியையும் சமூகம் இரண்டு கணக்குகளில் எழுதி வைத்திருக்கிறது. படிப்பு, பதிவு, தேர்வு, சம்பளம் என்பது ஒன்று. தொண்டு, கருணை, புண்ணியம் என்பது மற்றொன்று. சம்பளத்தை உயர்த்தக் கோரும்போதெல்லாம் இரண்டாவது கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்: நோயாளிக்குச் செய்யும் தொண்டுக்கு விலை பேசலாமா? சமய நூல்கள் இதற்கு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கின்றன. அந்த விடை, இக்கேள்வியைக் கேட்பவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது.

முதலில் தகுதி. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’, தன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானமும் இதே நான்கைச் சொல்லி, கவனிப்பவருக்கு வேண்டிய குணங்களையும் வரிசைப்படுத்துகிறது: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. இந்த நான்கில் அன்பு ஒன்றுதான் உள்ளத்தைச் சார்ந்தது. மற்ற மூன்றும் கற்றும் பழகியும் வருபவை. அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று பழைய நூலே சொல்லவில்லை.

இன்றைய படிப்புகள் அந்த மூன்றையும் முறைப்படுத்தியவை. செவிலியர் துறையில் ஏ.என்.எம். இரண்டாண்டு, ஜி.என்.எம். பட்டயம் மூன்றாண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு. படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் பணி செய்ய முடியும். கதிரியக்கத் துறையில் ஓராண்டுச் சான்றிதழ், இரண்டாண்டுப் பட்டயம், மூன்றாண்டுப் படிப்போடு ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்த பி.எஸ்சி. எனப் படிநிலைகள் உண்டு. படம் எடுப்பவர் டெக்னீஷியன். அதைப் பார்த்து நோயைச் சொல்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. படித்த கதிரியக்க மருத்துவர். டெக்னீஷியன் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய அளவில் ஓர் ஆணையம் அமைக்க 2021-இல்தான் தனிச் சட்டம் வந்தது.

இந்தப் படிப்பு எதற்கு என்பதை ஒரு நெஞ்சுப் படமே காட்டிவிடும். “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்று டெக்னீஷியன் சொல்வது வெறும் சடங்கன்று. மூச்சை முழுதாக இழுக்காத நெஞ்சில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, நோய் படிந்தது போலத் தெரியும்; இதயமும் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து போகும், அல்லது இருக்கும் நோய் தப்பிவிடும். படுக்கையில் அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். ஓர் இரவு தவறினாலும் முதுகில் புண் தொடங்கிவிடலாம். எனவே இந்தப் பணியில் திறமையின்மை என்பது தொழில்குறை என்பதோடு நின்றுவிடாது. அது அறக்குறையும் ஆகும்.

இனி ஊதியம். பௌத்த விநய பிடகத்தின் மகாவக்கத்தில் இதற்கு மிகத் தெளிவான இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் அவரைக் கழுவித் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சங்கத்துக்குச் சொன்னார். நல்ல பணிவிடையாளரின் இயல்புகளை அதே பகுதி ஐந்தாகச் சொல்கிறது. ஆதாயம் கருதாமல் பரிவோடு செய்வது அவற்றில் ஒன்று. தொண்டுக்கு விலை கூடாது என்போர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் நூல் நிறுத்தவில்லை. அடுத்த பகுதியிலேயே, நோயுற்ற பிக்கு இறந்துவிட்டால் அவருடைய ஆடையையும் பாத்திரத்தையும் கவனித்தவருக்குக் கொடுக்குமாறு சங்கத்துக்கு விதி வகுக்கிறது. கவனித்தவர் இன்னும் துறவு முழுமையாகப் பெறாத சாமணேரராக இருந்தாலும் அவருக்குச் சமபங்கு உண்டு.

ஆதாயம் கருதாதே என்பது செய்பவருக்குச் சொன்னது. பங்கைக் கொடுத்துவிடு என்பது சங்கத்துக்குச் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கான கடமைகள். பகவத் கீதை சொல்லும் பலன் துறந்த செயலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு, அதாவது செயல்படுபவனுக்கு, அவன் மனத்தைப் பற்றிச் சொன்ன அறிவுரை. அடுத்தவர் உழைப்பின் பலனைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் அதில் அனுமதி இல்லை. துறப்பது துறப்பவரின் உரிமை. அடுத்தவரைத் துறக்க வைப்பதற்குப் பெயர் பறிப்பு.

பிற மரபுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன், அடிபட்டவனின் காயத்தைத் தானே கட்டினான். சத்திரத்தில் சேர்த்தபின், அவனைப் பார்த்துக்கொள்ளச் சத்திரக்காரனுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். இரக்கத்துக்கு உவமையாக நிற்பவனே பராமரிப்புக்குக் காசு கொடுத்தவன். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது நபிமொழி. தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையின் செலவுக் கணக்கைத் தருகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். செவிலியர் இருவருக்கு 30 கலம் நெல்லும் 1 காசும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையிலான தூரம் அன்றே பெரிதாக இருந்தது. ஆனாலும் கோயில் அந்தப் பணியைப் புண்ணியக் கணக்கில் மட்டும் எழுதிக் கைகழுவவில்லை.

சம்பளம் வாங்காமல் நோயாளிகளைக் கவனித்த கன்னியர்கள் இருந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய உணவு, உறைவிடம், முதுமை ஆகிய மூன்றையும் மடம் ஏற்றுக்கொண்டிருந்தது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கல்விக் கடனும் சுமக்கும் ஒரு செவிலியரிடம் அந்தக் கன்னியரின் தியாகத்தை எதிர்பார்ப்பவர், மடத்தின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

கதிரியக்கப் பணியில் உடலும் பணயம் வைக்கப்படுகிறது. 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1901-இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அது பேராசிரியர் ஒருவர் மனமுவந்து செய்த துறவு. அவருக்குப் பின்வந்த மருத்துவர், டெக்னீஷியன், செவிலியர் பலரிடம் கதிர் கேட்காமலேயே உயிரை எடுத்துக்கொண்டது. அவர்களுக்காக 1936-இல் ஹாம்பர்க் நகரில் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் இன்று ஒரு பணியாளர் ஏற்கக்கூடிய கதிரளவு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஈய அங்கிக்குள் நெஞ்சில் குத்தியிருக்கும் சிறு டி.எல்.டி. பேட்ஜ் இதை அளக்கிறது. அந்தப் பேட்ஜைத் தராமலும், பழைய ஈய அங்கியை மாற்றாமலும் வேலை வாங்கும் இடத்தில் சம்பளம் சரியாக இருந்தாலும் நீதி இல்லை.

நடப்பு நிலை பழைய நூல்களின் அளவுக்குக்கூட வரவில்லை. மத்திய அரசு மருத்துவமனையில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுப்படி மாதம் 44,900 ரூபாய். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பிறகு அது படிப்படியாக 18,000 ஆனது. ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில், நிரந்தரப் பணியாளருக்கு ஒரு சம்பளம், தொகுப்பூதியக்காரருக்கு வேறொன்று. சாமணேரருக்கும் சமபங்கு என்ற விதி நினைவுக்கு வர வேண்டிய இடம் இது. தனியார் மருத்துவமனைகளுக்காக, உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவின்படி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் அது தானாகச் சட்டமாகிவிடவில்லை.

கள்ளக்குறிச்சியில் இந்தக் கேள்வி தூலமாகவே நிற்கிறது. 2019-இல் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்தக் கல்லூரியின் மருத்துவமனைதான் முதல் அலையைத் தாங்கியது. மெத்தனால் ரத்தத்தை அமிலமாக்கும், பார்வை நரம்பைத் தாக்கும். மூச்சை எண்ணுவது, பைகார்பனேட் டிரிப்பைக் கண்காணிப்பது, டயாலிசிஸுக்கு ஆளைத் தயார் செய்வது என, மருத்துவர் எழுதும் ஒவ்வோர் ஆணையும் செவிலியர் கைவழியாகத்தான் நோயாளியின் உடலுக்குப் போய்ச் சேரும். வந்தவர் யார், என்ன குடித்தார், ஏன் குடித்தார் என்று தீர்ப்பெழுதாமல் பார்ப்பதுதான் அந்த நேரத்தின் அறம்.

மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் இடம். 1976 வரை, மக்களிடம் கூலியின்றி வேலை வாங்கிய மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. கூலியில்லா உழைப்பு என்றால் என்ன என்பதை இந்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிமலையில் உள்ளவர் சி.டி. ஸ்கேனுக்குக் கச்சிராயபாளையம் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கள்ளக்குறிச்சி வர வேண்டும். சாலை எட்டாத சிற்றூரிலிருந்து நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்துதான் வர வேண்டும். இங்கே ஒரு செவிலியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அந்த இழப்பு முழுவதும் ஏழையின் தலையில் விழும். யாரோ ஒருவரின் தியாகத்தை நம்பி நடக்கும் மலை மருத்துவமனை, அந்த ஒருவர் மாற்றலாகும் நாளில் நின்றுவிடும். உரிய சம்பளம், குடியிருப்பு, பாதுகாப்பு மூன்றும் இருந்தால் பணி ஆளைச் சார்ந்திருக்காமல் நிலைக்கும். மலைப் பிள்ளைகளே நர்சிங்கும் ரேடியாலஜியும் படித்துத் திரும்பி வருவதற்கும் அதுவே வழி. வீட்டாரின் பேச்சுவழக்கு தெரிந்த செவிலியரிடம் நோயாளி வலியைத் தயங்காமல் சொல்வார்.

சம்பளம் கூடினால் கருணை குறைந்துவிடும் என்ற அச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. சம்பளம் அன்பை உண்டாக்காது என்பது உண்மை. குறைந்த சம்பளமும் அதை உண்டாக்கியதில்லை. இரட்டை ஷிஃப்டில் கண் எரிய நிற்பவரிடம் பரிவு எத்தனை நாள் தாங்கும்? ஆதாயம் கருதாமல் கவனிப்பது செவிலியரும் டெக்னீஷியனும் தம் மனத்தோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய கடன். அவர்களுக்குக் குறைவில்லாமல் கொடுப்பது அரசும் நிர்வாகமும் சமூகமும் தீர்க்க வேண்டிய கடன். முதல் கடனைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிவிட எந்தச் சமயமும் இடம் தரவில்லை.