வாயைத் திற, தம்பி!

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் காதில் இயர்போன். கையில் டிகிரியும் இருக்கிறது. ஆனால் இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது!

இங்கிலீஷ் வராது என்று உனக்கு யார் சொன்னது? பன்னிரண்டு வகுப்பும் அதைப் படித்தவன் நீ. கண் படித்தது, கை எழுதியது. காதும் வாயும்தான் பட்டினி.

கிளாசுக்குக் கட்டக் காசில்லையா? 1943இல் பிபிசி ரேடியோவிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. அன்று கேட்டவனுக்குத் தவறவிட்ட வார்த்தை போனது போனதுதான். நம் அரசு 2019 ஆகஸ்டில் கல்வி தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவில் பள்ளி பூட்டியபோது பாடம் அதில் வீடு தேடி வந்தது. உனக்கோ பிபிசியின் ஆறு நிமிடப் பாடம் போனிலேயே இலவசம். நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கலாம். இன்னும் என்ன சாக்கு?

சும்மா பார்த்தால் மட்டும் வராது. சப்டைட்டிலோடு நாலு சீரிஸ் முடித்தவனுக்குக் கதைதான் தெரியும். (தமிழ் சப்டைட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.)

ஒரே ஒரு வாக்கியம் எடு. கேள், நிறுத்து, அதே ஏற்ற இறக்கத்தோடு உரக்கச் சொல், ரெக்கார்ட் செய். இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். 'ஹோட்டல்' என்பதில் நாம் முதல் அசையை அழுத்துவோம், ஆங்கிலேயர்கள் இரண்டாவதை. 'புக்கு', 'பஸ்ஸு' என்று வாலில் ஒட்டும் உகரம் கையும் களவுமாக மாட்டும். வீடியோவில் வாயைக் கவனி: 'வி'க்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும், 'டபிள்யூ'வுக்கு உதடு குவியும். கண்ணாடி முன் நின்று நீயும் செய். உன் குரல் உனக்கே நாராசமாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்; அழித்துவிடாதே.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு தமிழிலும் வருகிறது, ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழில் புரிந்த சேதிதானே? ஆங்கிலத்தில் வரும்போது கூடவே முணுமுணு.

நம்ம ஊர் உச்சரிப்பு என்று கூசாதே. ராமேஸ்வரத்து வாசனை போகாத ஆங்கிலத்தில்தான் அப்துல் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசினார்.

இன்று ராத்திரியே மொட்டை மாடிக்குப் போ. உன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசி ரெக்கார்ட் செய். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இன்டர்வியூவில் உட்காரப்போவது அவரில்லை.