தராசு முள்ளும் மனித முயற்சியும்

 

மாக் மண்டின் வட்டாரத்திலும், அக்கரையில் ஜார்ஜ் டவுனிலும் கடை நடத்தும் நம்மவர்களில், "உடம்பைக் குறையுங்கள்" என்ற சொல்லை வைத்தியரிடம் கேளாது திரும்பியவர்கள் சிலரே. 2023ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் என்று கண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கிலோ, இந்திய வம்சத்தாரில் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை நோய். காரணம் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. காலை முதல் இரவு வரை கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த வாழ்க்கை. வருகிறவர் போகிறவரோடெல்லாம் ஒரு தே தாரிக். கடை அடைத்த பிறகு குழம்பு கலந்த நாசி கண்டார்.

ஆனால் நாம் இங்கே பேச வருவது, எடை குறைக்கத் தொடங்குகிறவரைப் பற்றியல்ல. முடிக்கும் தறுவாயில் நிற்கிறவரைப் பற்றி. 12 கிலோ குறைக்க நிய்யத்து வைத்த ஒருவர் 9 கிலோ வரை குறைத்துவிடுகிறார். பிறகும் அதே ஆகாரம், அதே நடைதான். ஆயினும் முள் நகர்வதில்லை. இரண்டு வாரம் பார்க்கிறார். ஒரு மாதம் பார்க்கிறார். பிறகு ஒரு நாள், "எவ்வளவு செய்தும் என்ன கண்டோம்?" என்று ரொட்டி சானாய் இரண்டுக்குச் சொல்லிவிடுகிறார். இங்கே எழுகிற கேள்வி வைத்தியக் கேள்வி மாத்திரமல்ல. உழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரியாமற் போகும்போது, அந்த உழைப்பைத் தொடர மனிதன் கடமைப்பட்டவனா என்பதே கேள்வி.

முதலில் முள் ஏன் நிற்கிறது என்று அறிந்துகொள்வோம். தொடக்கத்தில் மளமளவென்று இறங்கிய எடையில் ஒரு பகுதி தேகத்திலிருந்து கழிந்த நீர். அது என்றும் அந்த வேகத்தில் இறங்காது. அடுத்து, கனம் குறைந்த உடம்பு நடக்கவும் ஏறவும் குறைந்த சக்தியே போதும். இவ்விரண்டுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. வரவு குறைந்ததைக் கண்ட சாமர்த்தியமான கணக்கப்பிள்ளை யாரையும் கேளாமலே செலவைச் சுருக்குவது போல, நம் சரீரமும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில், யுத்தத்துக்குப் போக மனம் ஒப்பாத 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவு உண்டார்கள். அவர்கள் எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஓய்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியோ ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்துபோயிற்று. எடை இறங்கும் வேகம் முதலில் மிகுந்திருந்து, கடைசியில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. பட்டினிக் காலத்தில் அடியார்களைக் காக்க அல்லாஹ் சரீரத்தில் அமைத்து வைத்த தற்காப்பு இது. பஞ்சம் கண்ட நம் முன்னோர்களைப் பிழைக்க வைத்ததும் இதுவே. இதை எதிரி என்று ஏசுவது நன்றி கெட்ட தனம்.

ஆகையால் நேற்று எடையைக் குறைத்த அதே சோறு இன்று சரிக்குச் சரியாக நிற்கிறது. ஐந்தொகை போடத் தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி சூராவே அருளப்பட்டிருக்கிறது. அதை ஓதும் நாம் பிறர் சரக்கை நிறுக்கும்போது நடுங்குகிறோம். தன் வயிற்றுக்குப் போவதை நிறுக்கும்போது எத்தனை பேர் நடுங்குகிறோம்? குழம்பு ருசி பார்த்த இரண்டு கரண்டி, பேரப்பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டி, கூட்டாளி வற்புறுத்திய கெட்டிப்பால் தேத்தண்ணீர் ஆகியவை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. முள் நின்றுவிட்டால் முதற்காரியம், ஒரு வாரத்துக்கு வாயில் போட்டதெல்லாம் ஒளிவு மறைவின்றி எழுதிப் பார்ப்பது. பாதிப் பேருடைய கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம்.

மீதிப் பாதிப் பேரில் சிலர் வேறு வழி தேடுகிறார்கள். உணவை இன்னும் பாதியாக்கி, பட்டினி கிடந்தாவது முள்ளை நகர்த்தப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் இப்படிச் செய்தால் கல்லாவிலேயே மயங்கி விழ நேரும். மேலே சொன்ன வாலிபர்களோ பசியால் சமையற் புஸ்தகங்களைச் சேர்த்துப் படிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஓயாது நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடம்புக்கும் உம்மீது பாத்தியதை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஆலிம்கள் பயானில் எடுத்துச் சொல்வார்கள். இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் வயிற்றின் ஆசையைப் பற்றி எழுதும்போது, ஒரேயடியாகக் குறைக்காமல் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து ஒரு மாதத்தில் அளவுக்கு வரும் முறையையே கூறுகிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய யோசனை. இன்றைய வைத்தியரும் இதையேதான் சொல்வார்.

இனி நம் மூலக் கேள்விக்கு வருவோம். முள் நகரவில்லை என்றால் பலனே இல்லை என்று யார் சொன்னது? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கைக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. விசேஷம் என்னவெனில், இந்தப் பிந்திய கூட்டத்தாரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! மூன்று ஆண்டும் அவர்களுடைய முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நம்மைப் போன்ற தேகவாகும் நம்மைப் போன்ற சாப்பாடும் உள்ளவர்கள் அவர்கள். வெள்ளைக்காரரின் கணக்கல்ல இது. தராசு நிறுப்பது எடையை மட்டுந்தான். இரத்தத்தை அது நிறுப்பதில்லை, நிய்யத்தையும் நிறுப்பதில்லை.

கடைசிக் கட்டத்தில் கைவிடுவதற்குச் சலிப்பு மட்டுமே காரணம் என்றும் நாம் எண்ணவில்லை. ஹிஜ்ரி 3இல் உஹது மலையடிவாரத்தில் 50 வில்லாளர்கள், வென்றாலும் தோற்றாலும் இடம் பெயரக்கூடாது என்ற கட்டளையோடு நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறங்கியது தோல்வியைக் கண்டல்ல. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று எண்ணியபோதுதான். அவர்களைக் குறை கூற நமக்கு அருகதை இல்லை. அல்லாஹ் அவர்களை மன்னித்ததைத் திருமறையே கூறுகிறது. நம்மவர் நிலையைப் பாருங்கள். கைலி இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது, சட்டை தொளதொளக்கிறது, "என்ன பாய், இளைத்துவிட்டீர்களே!" என்று வாடிக்கைக்காரர் கேட்கிறார். அந்த ஒரு வார்த்தையில் பாதி நடை குறைந்துவிடுகிறது. சலித்தவர் தாம் சலித்ததை அறிவார். மகிழ்ந்தவர் தாம் இறங்கிவிட்டதையே அறியார்.

மீதமுள்ள 3 கிலோ யாருக்காக என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். வைத்தியர் சொன்ன கணக்கா, அல்லது கலியாண வீட்டில் பிறர் மெச்சவேண்டும் என்பதற்காக நாமே வைத்த கணக்கா? முதலாவதாயின் பொறுத்திருந்து தொடருவது கடமை. இரண்டாவதாயின், இரத்தச் சோதனை நல்லபடியாக இருக்கும்பட்சத்தில், அந்த 3 கிலோவை விட்டுவிடுவதில் தோல்வி ஏதுமில்லை.

எப்படியும் அங்கே வேலை முடிந்துவிடாது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்து 2016இல் எழுதினார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அவர்கள் உடம்போ அப்போதும், எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. ஆகவே இலக்கை எட்டிய பிறகு எப்படி உண்பது என்பதை இப்போதே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. அடுப்பு அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது!